கிழமை பார்த்து வகுக்கும் வழி: குளிர்காலத் தென்பிரான்சில் ஒரு கார்ப் பயணம்

தென்பிரான்சின் உட்பகுதியைக் காரில் சுற்றிப் பார்க்க எண்ணுவோர் வழக்கமாக வரைபடத்தை விரித்து, பெயர் கேட்ட ஊர்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை ஒரு கோட்டால் இணைத்து, ஊருக்கு ஒரு நாள் என்று பங்கிட்டுவிடுவர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இம்முறையில் பெரிய குறை எதுவும் தோன்றுவதில்லை. அப்போது விடுதிகளும் குகைகளும் கோட்டைகளும் நாள்தோறும் திறந்திருக்கும், இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் நீடிக்கும், பகலில் தவறவிட்டதை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். நவம்பர் தொடங்கி மார்ச் முடியும் வரையிலான மாதங்களில் அதே திட்டம் பயணியைப் பூட்டிய கதவுகளின் முன் கொண்டுபோய் நிறுத்தும். உணவகம் ஆண்டு விடுமுறையில் இருக்கும். அருங்காட்சியகம் திங்கட்கிழமை என்பதால் அடைத்திருக்கும். சந்தை முந்தின நாளே கூடிக் கலைந்திருக்கும். ஆகையால் இக்காலத்துப் பயணத்தை வகுப்பவர் முதலில் கிழமையையும், அடுத்துப் பகல் வெளிச்சத்தின் அளவையும், அதற்குப் பின்னரே இடத்தையும் முடிவு செய்வது நலம். இந்த வரிசைமாற்றத்தை ஏற்றுக்கொண்டவருக்குக் குளிர்காலத் தென்பிரான்ஸ் கோடையைவிட ஆழமாகத் தன்னைத் திறந்துகாட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இங்கே எடுத்துக்கொள்ளப்படும் நிலப்பகுதி துலூஸ் நகருக்கும் மொன்பெலியே நகருக்கும் இடையில், மாசிஃப் சென்ட்ரல் எனப்படும் நடுப்பிரான்சின் பழம்பெரும் மேட்டுநிலம் தெற்கு நோக்கிச் சரியும் பகுதி. லோத், அவேரோன் ஆகிய இரு மாவட்டங்களும் அவற்றின் தென்கிழக்கு ஓரத்து லார்சாக் பீடபூமியும் இதில் அடங்கும். மாவட்டம் என்று இங்கே சொல்லப்படுவது பிரெஞ்சு நிர்வாகத்தின் 'தெபார்த்மான்' என்ற பிரிவு. புரோவான்சும் ரிவியெராக் கடற்கரையும் உலகெங்கும் பெயர்பெற்றவை என்றாலும், உழவும் மேய்ச்சலும் இன்றும் ஊர்களின் நாட்குறிப்பைத் தீர்மானிக்கும் நிலத்தைக் காண விரும்புவோருக்கு இந்த உள்நாட்டுப் பகுதியே தகுந்தது. சுற்றுலாவுக்கு ஓய்வுக் காலமான குளிர்காலம் இங்குள்ள பல தொழில்களுக்கு நெருக்கடியான வேலைக்காலம். ஓக் மரங்களின் அடியில் கருங்காளான் முதிர்வதும், செம்மறிகள் குட்டி ஈன்று பால் கறவை தொடங்குவதும், திராட்சைக் கொடிகள் கவாத்து செய்யப்படுவதும், கொழுக்கவைத்த வாத்துகள் சந்தைக்கு வருவதும் இந்த மாதங்களில்தான். கோடையில் வருபவர் காண்பது அந்த உழைப்பின் விளைபொருளை மட்டுமே.

எந்த வாரங்களைத் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த கேள்வி. நவம்பரில் மலைச்சரிவுகளின் செஸ்ட்நட் மரங்கள் பழுப்பும் பொன்னிறமுமாக நிற்கும். ஆனால் பெருமழைக்கான அச்சம் அம்மாதத்தில் இன்னும் நீங்கியிராது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள், 11 முதல் உலகப் போர் ஓய்ந்த நாள் என இரண்டு அரசு விடுமுறைகளும் உண்டு. பதினோராம் தேதி ஒவ்வொரு சிற்றூரிலும் போர் நினைவுக்கல்லின் முன் ஊர்த்தலைவரும் மக்களும் கூடுவர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவகம் அதே போரில் உயிரிழந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது என்பதை அறிந்த தமிழ் வாசகர், ஒரு சின்னஞ்சிறு ஊரின் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும் பெயர்களின் எண்ணிக்கையைக் கண்டு திகைக்கக்கூடும். டிசம்பரில் பகல் மிகக் குறுகியது. கருங்காளானும் முழுமையாக முதிர்ந்திராது. ஜனவரியில் காளான் சிறப்பாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வேலை முடிந்த களைப்பில் விடுதிகளும் உணவகங்களும் ஆண்டு விடுமுறை எடுப்பது பெரும்பாலும் இம்மாதத்தில்தான். இவற்றையெல்லாம் எடைபோட்டால் ஜனவரியின் கடைசி வாரமும் பிப்ரவரியும் முன்னிலைக்கு வருகின்றன. பிரெஞ்சுப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் விடப்படுவதில்லை. நாடு மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் என்று முறைவைத்து விடப்படுகிறது. துலூசும் மொன்பெலியேவும் பாரிசுடன் 'சி' மண்டலத்தில் இருக்கின்றன. கூட்டத்துக்கு அஞ்சி இந்த வாரங்களைத் தவிர்ப்பதே பலருக்கு முதலில் தோன்றும். ஆனால் விடுமுறைக் கூட்டம் பனிச்சறுக்கு மலைகளை நோக்கித் திரும்பிவிடுவதாலும், குளிர்காலத்தில் அடைத்துக் கிடக்கும் சில குகைகளும் அருங்காட்சியகங்களும் இவ்வாரங்களில் மீண்டும் திறக்கப்படுவதாலும், உள்நாட்டுச் சிற்றூர்களைப் பார்க்க இவை உண்மையில் உகந்தவை.

பகல் வெளிச்சத்தின் கணக்கு தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால், அது சுருங்கக்கூடிய ஒரு பொருள் என்ற எண்ணமே எழுவதில்லை. லோத் மாவட்டம் 44ஆம் வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. டிசம்பரின் பிற்பகுதியில் அங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, பிப்ரவரித் தொடக்கத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரம். பிரான்சின் கடிகாரம் கதிரவனின் போக்கைவிட முன்னதாக ஓடுவதால் இம்மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பிறகே விடிகிறது. எட்டரை மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டு, நடுவில் உணவுக்கு இரண்டு மணி நேரத்தைக் கழித்தால், ஓட்டவும் பார்க்கவும் மிஞ்சுவது ஏழு மணி நேரம்.

சாலைகளின் தன்மையையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும். சிற்றூர்களை இணைப்பவை மாவட்டச் சாலைகள். இவை 'தெ' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் கொண்டு குறிக்கப்படுகின்றன. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலை 1 முதல் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். பின்னர் வந்த சட்டத்திருத்தத்தின்படி சில மாவட்டங்கள் குறிப்பிட்ட சாலைகளில் மீண்டும் 90 என்று உயர்த்திக்கொண்டன. ஊருக்குள் 50, சுங்க நெடுஞ்சாலையில் 130, மழை பெய்யும்போது அதே நெடுஞ்சாலையில் 110. ஆனால் ஆற்றோரமாக வளைந்து வளைந்து செல்லும் மாவட்டச் சாலையில் அந்த 80 பெயரளவுக்கே. ஊர்களும் வளைவுகளும் டிராக்டர்களும் குறுக்கிட, ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டர் கடந்தாலே போதுமானது. நாளொன்றுக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வகுக்காத திட்டமே குளிர்காலத்துக்குப் பொருத்தமானது. கைபேசி வழிகாட்டி எப்போதும் குறுகிய நேரத்தையே தேடி, அகலமில்லாத பண்ணைப் பாதைகளில் இறக்கிவிடக்கூடும் என்பதால், மிஷ்லன் நிறுவனத்தின் தாள் வரைபடம் ஒன்று கையில் இருப்பது நல்லது; இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அளவையில் அச்சிடப்படும் அதன் வட்டார வரைபடங்களில், கண்ணுக்கினிய சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு இடப்பட்டிருக்கும்.

இந்தியாவில் இடப்புறமாக ஓட்டிப் பழகியவர் வலப்புறமாக ஓட்டுவதற்கு ஓரிரு நாட்களில் பழகிவிடுவார். ஆனால் 'வலப்புற முன்னுரிமை' என்ற விதி அத்தனை எளிதாக மனத்தில் நிற்பதில்லை. வேறு அறிவிப்புப் பலகை இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு சந்திலிருந்து வரும் வண்டிக்கு முதன்மைச் சாலையில் செல்பவரே வழிவிட வேண்டும் என்பதே அந்த விதி. பழைய ஊர்களின் உள்ளே இது இன்றும் நடைமுறையில் உள்ளது. இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓராண்டுக்கு வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்வது வேண்டாத சிக்கல்களைத் தவிர்க்கும். வாடகைக் கார்களில் கையால் கியர் மாற்றும் வண்டிகளே மிகுதி என்பதால், தானியங்கி வண்டி வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

வானிலையைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு ஒரே முகம் கிடையாது. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செவென் மலைத்தொடரில் மோதி ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டித் தீர்ப்பது 'செவெனோல் மழை' எனப்படுகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதன் காலம். கடல் கோடையின் வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்க, மேலடுக்கில் குளிர்காற்று வந்து சேர்வதே இதற்குக் காரணம். 1992 செப்டம்பர் 22 அன்று வேசோன்-லா-ரோமேன் நகரில் ஊவேஸ் ஆறு இவ்வாறு பெருகிப் பல உயிர்களைக் கொண்டது. ரோமானியர் கட்டிய பாலம் மட்டும் கைப்பிடிச்சுவரை இழந்து நின்றது. 2018 அக்டோபரில் ஓட் மாவட்டம் இதே வகைப் பெருமழையால் சிதைந்தது. பிரெஞ்சு வானிலைத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கு நிறங்களில் மாவட்டந்தோறும் எச்சரிக்கை வெளியிடுகிறது. 1999 டிசம்பரின் பெரும்புயல்களுக்குப் பின் 2001இல் ஏற்பட்ட முறை இது. ஆரஞ்சு அறிவிக்கப்பட்ட நாளில் திட்டத்தைக் கைவிட்டுத் தங்கிய ஊரிலேயே இருந்துவிட வேண்டும். சாலையின் குறுக்கே ஓடும் நீர் முழங்காலளவுதான் என்று நம்பி வண்டியை இறக்குவதால் ஒவ்வொரு வெள்ளத்திலும் உயிர்கள் போகின்றன.

குளிர்காலம் முற்றியபின் மழையின் இடத்தைக் காற்றும் பனியும் பிடித்துக்கொள்கின்றன. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து வீசுவது மிஸ்ட்ரல், அதற்கு மேற்கே லாங்கதோக் சமவெளியில் வீசுவது த்ராமொந்தான். இரண்டும் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடியவை, இரண்டும் வானத்தைத் துடைத்துத் தெளிவாக்குபவை. இவற்றைவிட ஓட்டுநருக்கு ஆபத்தானது 'வெர்கிளா'. தார்ச்சாலையின் மீது கண்ணுக்குப் புலப்படாமல் படியும் பனிக்கட்டிப் படலத்துக்கு இப்பெயர். பாலங்களின் மேலும், வெயில் படாத வளைவுகளிலும், காலை பத்து மணி வரையிலும் இது கரையாமல் கிடக்கும். சட்டமும் இதில் தலையிடுகிறது. 2021 நவம்பர் 1 முதல், மலைப்பகுதிகளைச் சேர்ந்த 48 மாவட்டங்களில், மாவட்ட ஆட்சியர் பட்டியலிட்ட ஊர்களுக்குள், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் பொருத்தியிருக்க வேண்டும் அல்லது பனிச்சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரை உள்ள டயர்களே 2024 நவம்பர் முதல் ஏற்கப்படுகின்றன. சமவெளி நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளில் இந்த டயர்கள் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். ஓப்ராக் மேட்டுநிலமும், 1,567 மீட்டர் உயரமுள்ள எகுவால் மலையும் இக்காலத்தில் பனி மூடியவை. அவற்றை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுவதே நல்லது. மே மாத இறுதியில் கால்நடைகள் மீண்டும் மேய்ச்சலுக்கு ஏறும்வரை ஓப்ராக்கில் மாடுகளே தொழுவத்தை விட்டு வெளிவருவதில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. செப்டம்பர் முதல் பிப்ரவரி முடியும் வரை வேட்டைக்காலம். வார இறுதிகளில் காட்டுப்பன்றிக்காகக் கூட்டு வேட்டை நடக்கும்போது, சாலையோரத்தில் அறிவிப்புப் பலகை வைக்கப்படும். ஆரஞ்சு நிற மேலுடை அணிந்த வேட்டையர் வரிசையாக நிற்பர். அப்பகுதியில் காட்டுப் பாதையில் நடக்கப் புறப்படாமல், வண்டியை மெதுவாக ஓட்டிக் கடந்துவிட வேண்டும்.

உணவையும் உறைவிடத்தையும் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. சிற்றூர் உணவகம் குளிர்காலத்தில் மாலையில் பெரும்பாலும் திறப்பதில்லை. நண்பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை வந்து அமர்பவருக்கே உணவு. ஆயினும் வேலைநாட்களின் நண்பகல் உணவு இந்நாட்டின் அரிய பேறுகளில் ஒன்று. கட்டடத் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் மின்வாரிய ஊழியர்களும் வந்தமரும் சாலையோர உணவகத்தில் சூப், முதன்மை உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு என்று ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு கிடைக்கும். சுற்றுலாப் பயணிகள் இல்லாத மாதங்களிலும் அது நிற்பதில்லை, ஏனெனில் அது அவர்களை நம்பி நடப்பதே இல்லை. ஆகவே நண்பகலில் வயிறார உண்டு, இரவுக்குச் சந்தையில் வாங்கிய ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் வைத்துக்கொள்ளும் ஒழுங்கே பொருத்தமானது. இதற்குச் சமையலறையுள்ள 'ஜீத்' ஏற்றது. ஜீத் என்பது வாரக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் கிராம வீடு. இவற்றின் தேசியக் கூட்டமைப்பு 1955 முதல் செயல்படுகிறது. குளிர்காலத்தில் வெப்பமூட்டும் செலவு வாடகையில் அடங்கியதா, மீட்டர் பார்த்துத் தனியே வசூலிக்கப்படுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தடித்த கற்சுவர் கொண்ட பழைய வீடு சூடேற ஒரு முழு நாள் எடுக்கும் என்பதால், வருகைக்கு முதல்நாளே அடுப்பை மூட்டி வைக்கும்படி உரிமையாளரைக் கேட்பதில் தவறில்லை. இடம் மாறிக்கொண்டே செல்பவருக்கு 'ஷாம்பர் தோத்' பொருந்தும். ஒரு குடும்பம் தன் வீட்டில் விருந்தினருக்கு விடும் அறைகள் இவை, சட்டப்படி ஐந்து அறைகளுக்கும் பதினைந்து பேருக்கும் மேற்படக் கூடாது. அவற்றுள் சில வீட்டாருடன் ஒரே மேசையில் இரவு உணவும் அளிக்கின்றன. ஊர் முழுவதும் அடைத்துக் கிடக்கும் இரவில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மரக்கறி உணவினர் முன்பதிவிலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாத்துக் கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கு இப்பகுதியில் இறைச்சியாகவே கருதப்படுவதில்லை.

இவ்வளவையும் கருத்தில் கொண்டு வகுக்கும் பயணம் செவ்வாய்க்கிழமையில் தொடங்குகிறது. அதற்குக் காரணம் லால்பெங்க் என்னும் சிற்றூர். துலூசிலிருந்து வடக்கே சுங்க நெடுஞ்சாலையில் ஏறினால் காவோர் நகருக்குச் சற்று முன்னதாக, 'கோஸ்' எனப்படும் சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தில் இவ்வூர் உள்ளது. டிசம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு செவ்வாய்ப் பிற்பகலும் இதன் முதன்மைத் தெருவில் கருங்காளான் சந்தை கூடுகிறது. 'த்ருஃப்' என்று அழைக்கப்படும் இக்காளான், ஓக் மரத்தின் வேருடன் உறவு கொண்டு மண்ணுக்குள்ளேயே வளர்வது. அது வளரும் மரத்தைச் சுற்றிலும் புல் கருகி வட்டமான வெற்றுநிலம் தோன்றும். முன்னாளில் பன்றியையும் இன்று பெரும்பாலும் பழக்கிய நாயையும் கொண்டு மோப்பம் பிடித்துத் தோண்டி எடுக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, வெறுமையான நிலங்களில் உழவர்கள் ஓக் மரங்களை நட்டதால் இத்தொழில் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் போர்களும் கிராமங்களின் ஆள்குறைவும் அதைச் சுருக்கிவிட்டன. சந்தையில் விற்பவர்கள் நீண்ட விசுப்பலகைகளின் பின்னால் துணி மூடிய கூடைகளுடன் வரிசையாக நிற்க, எதிரே கட்டிய கயிற்றுக்கு அப்பால் வாங்குபவர்கள் நடந்து, குனிந்து, முகர்ந்து, தாழ்ந்த குரலில் விலை பேசுவர். இரண்டரை மணிக்குக் கயிறு விலக்கப்பட்டதும் பேசி முடித்த கூடைகள் சில நிமிடங்களில் கைமாறித் தெரு காலியாகிறது. மூன்று மணிக்கு வந்து சேர்பவர் காண்பதற்கு எதுவும் மிஞ்சியிராது. ஒன்றரை மணிக்கே ஊருக்குள் இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு நிபந்தனைக்காக முழு வாரத்தையும் செவ்வாயிலிருந்து எண்ணுவது தகும்.

புதன்கிழமை காலையில் காவோர் நகரின் புனித எத்தியேன் பேராலயத்தின் முன் வாரச் சந்தை. லோத் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட இந்நகரின் மேற்கில், பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த வாலாந்த்ரே பாலம் மூன்று கோபுரங்களுடன் நிற்கிறது. பிற்பகலில் ஆற்றோரமாகக் கிழக்கே சென்றால் செங்குத்துப் பாறையின் மேல் தொற்றி நிற்கும் சேன்-சீர்-லபோப்பி. கோடையில் வண்டி நிறுத்த இடமின்றித் திணறும் இவ்வூரில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் சுமார் 200 பேரே. கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இங்கே ஒரு வீடு வாங்கிக் கோடைகளைக் கழித்தார். அருகிலுள்ள பெஷ் மெர்ல் குகை 1922இல் இரு சிறுவர்களால் கண்டறியப்பட்டது. புள்ளியிட்ட இரு குதிரைகளின் ஓவியமும், ஈரக் களிமண்ணில் பதிந்து உறைந்த மனிதக் காலடிகளும் அதில் உள்ளன. அசல் ஓவியங்களையே நேரில் காட்டும் சில குகைகளில் ஒன்றாகிய இது, காற்றின் சமநிலை கெடாமல் இருக்க நாளொன்றுக்கு 700 பேரை மட்டுமே அனுமதிக்கிறது. குளிர்காலத்தில் சில வாரங்கள் முழுதும் மூடப்படுவதால், பயணத் தேதியை உறுதி செய்வதற்கு முன்பே இதன் நாட்காட்டியைப் பார்த்துவிட வேண்டும். இதற்காகப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க நேர்ந்தாலும் தயங்க வேண்டியதில்லை.

வியாழன் வில்ஃப்ரான்ஷ்-த-ரூவெர்க் நகருக்குரியது. 1252இல் நிறுவப்பட்ட இது ஒரு 'பஸ்தீத்', அதாவது நேர்த்தெருக்களும் நடுச்சதுக்கமும் கொண்டு திட்டமிட்டு எழுப்பப்பட்ட இடைக்காலப் புதுநகர். அதன் சதுக்கத்தில் வியாழன் காலையில் கூடும் சந்தை, வளைவுத் தூண்களின் நிழலிலும் தேவாலயக் கோபுரத்தின் அடியிலும் பரவி, நண்பகல் மணியுடன் கலைகிறது.

வெள்ளியன்று கோங்க். பள்ளத்தாக்கின் மடிப்பில் மறைந்திருக்கும் இச்சிற்றூரின் புனித ஃபுவா மடாலயம் ஸ்பெயினின் சந்தியாகோ நோக்கிய யாத்திரை வழியின் பெரிய நிலைகளில் ஒன்று. மேற்கு வாயிலின் மேல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட இறுதித் தீர்ப்புக் காட்சியில் 124 உருவங்கள் உள்ளன. நரகத்தின் பக்கத்தில் நெரிசலும் கலக்கமும், சொர்க்கத்தின் பக்கத்தில் ஒழுங்கும் அமைதியும். கோடையில் இந்த வாயிலின் முன் குழுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்க, குளிர்காலத்தில் ஒருவர் அரைநாள் தனியே நின்று ஒவ்வோர் உருவமாகப் பார்க்கலாம். உள்ளே 104 சாளரங்களுக்கு ஓவியர் பியேர் சூலாஜ் அமைத்த கண்ணாடிகள் 1994இல் பொருத்தப்பட்டன. வண்ணமோ உருவமோ இல்லாத அவை, ஒளியை உள்ளே விட்டும் வெளிக்காட்சியைக் காட்டாமலும், வெளிவானின் நிறத்துக்கேற்ப நீலமாகவும் வெதுவெதுப்பான மஞ்சளாகவும் மாறுகின்றன. தாழ்ந்து வரும் குளிர்கால வெயிலில் இம்மாற்றம் மணிக்கு மணி தெரிகிறது. இரவும் கோங்கிலேயே தங்கக் கிடைத்தால் அதைத் தவறவிடக் கூடாது.

சனிக்கிழமை ரொதேஸ். சூலாஜ் 1919இல் பிறந்தது இந்நகரில். அவர் பெயரிலான அருங்காட்சியகம் 2014இல் திறக்கப்பட்டது, துருவேறிய இரும்புத் தகடு போர்த்திய பெட்டிகளாக அதை வடிவமைத்தவர்கள் கட்டலோனியாவின் ஆர்.சி.ஆர். கட்டடக்கலைஞர்கள். கோங்கின் கண்ணாடிகளுக்காக அவர் வரைந்த முழு அளவு வரைவுகள் இங்கே இருப்பதால், கோங்கை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருவதே முறை. திங்களன்று இது அடைப்பு என்பதும் இந்த வரிசைக்கு மற்றொரு காரணம்.

ஞாயிறு, திங்கள் என்ற இரு நாட்களே குளிர்காலப் பயணியைப் பெரிதும் சோதிப்பவை. ஞாயிறு நண்பகலுக்குப் பின் கடைகள் அடைக்கப்படும், திங்களன்று பல உணவகங்களும் அருங்காட்சியகங்களும் திறப்பதில்லை. ஆகையால் ஞாயிறன்று ரொக்ஃபோர்-சுயிர்-சூல்சோன் ஊரின் பாலாடைக்கட்டிக் குகைகளை வைத்துக்கொள்வது பொருந்தும். வார இறுதியின் திறப்பு நேரத்தை முன்னதாக உறுதி செய்துகொள்ள வேண்டும். காம்பாலூ மலை சரிந்து உடைந்ததில் உண்டான பாறைப் பிளவுகள் வழியே குளிர்ந்த ஈரக்காற்று ஓயாமல் குகைகளுக்குள் வந்து செல்கிறது. 'ஃப்ளோரீன்' எனப்படும் இந்தப் பிளவுகளே நீலப்பூஞ்சை படரத் தேவையான சூழலைத் தருகின்றன. லாக்கோன் இனச் செம்மறியின் கொதிக்கவைக்காத பாலில் மட்டுமே செய்யப்படும் இது, பிறப்பிடத்தின் பெயரைக் காக்கும் சட்டத்தை 1925இல் பெற்றது. பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளுள் அப்பாதுகாப்பைப் பெற்ற முதலாவது இதுவே. குளிர்காலத்தில் வருபவர் புதுப்பால் குகைக்கு வந்து சேரும் காலத்திலேயே அங்கே இருக்கிறார்.

திங்களன்று லார்சாக். மேலே நீரோட்டமே இல்லாத, மழையை அப்படியே உள்வாங்கிக்கொள்ளும் இச்சுண்ணாம்புப் பீடபூமியில் பார்க்க வேண்டியவற்றுக்குக் கதவும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. ஆடுகள் நீரருந்தக் கல் பாவி அமைத்த குட்டைகள், டெம்ப்ளர் வீரத்துறவியர் தொடங்கிய கூவர்த்துவாராத் என்னும் மதில் சூழ்ந்த ஊர், காற்றில் சாய்ந்த புல்வெளி. ஆயினும் இந்நிலத்துக்கு அண்மைக்கால வரலாறு ஒன்று உண்டு. இந்திய வாசகர் அதை அறிந்துகொண்டு வருவது இன்றியமையாதது. 1971இல் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே இங்கிருந்த 3,000 ஹெக்டேர் ராணுவ முகாமை 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு 103 உழவர்கள் ஒரு துண்டு நிலத்தையும் விற்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தனர். அப்போது லா கவாலரி ஊரில் பதினைந்து நாள் உண்ணாநோன்பு இருந்தவர் லான்சா தெல் வாஸ்தோ. இத்தாலியில் பிறந்த இவர் 1937இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்து, சாந்திதாஸ் என்ற பெயரை அவரிடமிருந்து பெற்று, பின்னர் லார்சாக்கின் விளிம்பில் லா போரி நோபிள் என்னுமிடத்தில் காந்திய வழிச் சமூகம் ஒன்றை அமைத்தவர். வன்முறையைத் தொடுவதில்லை என்ற முடிவு போராட்டத்தில் வேரூன்றியதற்கு அந்த நோன்பு பெருங்காரணம். 1972 அக்டோபரில் உழவர்கள் செம்மறிகளைப் பாரிசுக்குக் கொண்டுசென்று ஈஃபெல் கோபுரத்தின் அடியில் மேயவிட்டனர். அனுமதியின்றி லா பிளாக்கியேர் ஊரில் கல்லால் ஓர் ஆட்டுக்கொட்டகை எழுப்பினர். பத்து ஆண்டு உறுதியான போராட்டத்தின் பின், 1981இல் பதவியேற்ற அதிபர் மித்தரான் விரிவாக்கத்தைக் கைவிட்டார். அரசு அதற்குள் வாங்கியிருந்த நிலம் 1985இல் உழவர்களின் கூட்டுச் சங்கத்துக்கே நீண்டகாலக் குத்தகையாக வழங்கப்பட்டது. அந்நிலத்தில் இன்றும் ஆடு மேய்க்கப்படுகிறது. அதன் பால் ரொக்ஃபோருக்குச் செல்கிறது.

பீடபூமியை விட்டு இறங்க ஏ75 நெடுஞ்சாலை உள்ளது. கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து பெசியே வரை செல்லும் இதில், 2004 டிசம்பரில் திறக்கப்பட்ட மீயோ பாலத்தைத் தவிர வேறெங்கும் சுங்கம் கிடையாது. பொறியாளர் மிஷேல் விர்லோஜோவும் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டரும் அமைத்த அப்பாலம் 2,460 மீட்டர் நீளமும் தூண் உச்சிவரை 343 மீட்டர் உயரமும் உடையது. மாவட்டச் சாலைகளைவிட இந்நெடுஞ்சாலையில் பனி விரைவாக அகற்றப்படுவதால், வானிலை மோசமான திங்களில் பீடபூமியின் உட்சாலைகளைக் கைவிட்டு நேரே இதில் ஏறிவிடலாம். லோதேவ் நோக்கி எஸ்கலேத் கணவாயில் சாலை செங்குத்தாக இறங்க, பனி படர்ந்த புல்லுக்குப் பதில் ஒலிவ மரங்களும் திராட்சைக் கொடிகளும் தோன்றும். மொன்பெலியே அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள். வாடகை வண்டி நிறுவனங்களின் நகர அலுவலகங்கள் நண்பகலில் இரண்டு மணி நேரம் அடைத்து, மாலையில் முன்னதாகவே மூடிவிடும் என்பதால், வண்டியை ஒப்படைக்கும் நேரத்தைப் பிற்பகல் மூன்று மணியாக முன்பதிவிலேயே குறித்துவிட வேண்டும். துலூசில் எடுத்து மொன்பெலியேவில் விடுவதற்கான கூடுதல் கட்டணத்தையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.